வின்சென்டியார் கப்பலேறினார்

புனித வின்சென்ட் மொர்வினி கிராமத்தை விட்டுப் புறப்பட்டது நவம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் போவது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வாசல்வரை வந்து வழியனுப்பிய ஆன்செல்ம் க்ரிவோவுக்கே தெரியாது.

லாரிக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னங்க இது, காத்தடைச்ச மாதிரி இருக்கு? ராட்சத பாட்டில்னு சொன்னாங்களே."

ஆன்செல்முக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டு ஒயினுக்கு என்னைக்குமே தொந்தி கிடையாதுப்பா. குண்டு ஒயின் வேணும்னா அடுத்த ஊர்ல போய் ஏத்திக்க," என்றார். பிறகு பெட்டியின் மூடியை இரண்டு தட்டு தட்டி, "போய்ட்டு வா ராசா. அங்க போய் நம்ம மானத்தக் காப்பாத்து," என்று சொல்லி அனுப்பினார்.

பெட்டிக்குள்ளே வைக்கோல்மேல் மல்லாந்து படுத்திருந்தவர் ராசா இல்லை. திராட்சை பயிரிடுகிறவர்களுக்கெல்லாம் காவலரான வின்சென்டியார். ஒரு கையில் திராட்சைக் குலை, இன்னொரு கையில் கொடி நறுக்கும் கத்தி, முனை கருகிய மூக்கு. அவர் தன் பழைய மரக்கண்களால் பெட்டியின் மூடியைப் பார்த்தபடி ஜப்பானுக்குப் புறப்பட்டுவிட்டார்.

இது எப்படி நடந்தது என்றால், ஆன்செல்ம் மிகவும் கவனமான ஆள் என்பதால்தான் நடந்தது.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பர்கண்டியில் க்ரிவோ குடும்பத்துக்குச் சொந்தமான தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, வெள்ளை ஒயின் மட்டும் செய்துகொண்டு, பிறந்த வீட்டிலேயே வாழ்கிறவர். அவர் பார்த்த தொலைதூர ஊர் லியோன். அதுவும் பல் பிடுங்கப் போனது. க்ரிவோ மூக்கு அந்த வட்டாரத்தில் சர்ச் கோபுரத்துக்கு அடுத்த அடையாளம். அது நேராகத்தான் ஆரம்பிக்கும், நடுவில் கொஞ்சம் யோசிக்கும், பிறகு இடதுபக்கம் திரும்பிவிடும். வியாபாரத்தைக் கவனிக்கும் அவர் மனைவி மரிவோன் தோட்டத்துக்காக அச்சடித்த விளம்பரத் தாளில் ஆன்செல்ம் கிளாசுக்குள் மூக்கை விட்டு மோந்து பார்க்கும் படம் இருக்கிறது. "ஒயின் எங்க இருக்கு இதுல?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். "மூக்குக்குப் பின்னாடி," என்று மரிவோன் பதில் சொன்னாள்.

மதிப்புள்ள ஒரு பொருளைக் காப்பாற்ற ஆன்செல்முக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. இருட்டில் வை, குளிர்ச்சியில் வை, படுக்கவை, தொந்தரவு செய்யாதே. அவருடைய கல்யாணக் கோட்டு நிலவறையில் பீப்பாய்களுக்கு நடுவில் படுத்திருக்கிறது. மாமியார் சீதனமாகக் கொடுத்த சுவர்க்கடிகாரம் அங்கேதான் படுத்திருக்கிறது. அதனால் அது ஓடுவதில்லை. மகள் பிறந்த வருஷம் ஆகஸ்ட் வெயில் கொளுத்தியபோது தொட்டிலையும் கீழே இறக்கிவிட்டார். மரிவோன் கத்தித் தீர்த்தாள். ஆனால் குழந்தை அங்கே அடித்துப் போட்டாற்போலத் தூங்கியது. அந்தப் பெண் இப்போது கிரெனோபிளில் நர்ஸ். இன்றைக்கும் பீப்பாய் வாசனை பட்டால் கொட்டாவி விடுகிறாள்.

வின்சென்டியார் விஷயத்துக்கு வருவோம். மொர்வினியில் அவருக்கென்று நிலையான வீடு கிடையாது. ஒவ்வொரு வருஷமும் ஜனவரி இருபத்திரண்டாம் தேதி, அவர் திருநாளன்று, சப்பரத்தில் பவனி வந்து, சர்ச்சில் பூசை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குக் குடிபோவார். ஒரு வருஷம் ஒரு வீடு. அந்த வருஷம் அந்த வீட்டுக்குப் பெருமை. அக்கம்பக்கத்தார் அவரைப் பார்க்க வருவார்கள், வந்தவர்களுக்கு ஒரு கிளாஸ் ஊற்ற வேண்டும்.

ஆன்செல்மின் அப்பா காலத்தில் க்ரிவோ வீட்டுக்கு முறை வந்தது. அது கடும் குளிர்காலம். இளகிய மனசுக்காரரான அப்பா, பாவம் மனுஷருக்குக் குளிருமே என்று சொரூபத்தை அடுப்புப் பக்கமாக நகர்த்தி வைத்தார். காலையில் எழுந்து பார்த்தால் வின்சென்டியாரின் மூக்கு நுனி கரியாகி உதிர்ந்திருந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்கு ஊரில் பெயர் 'வறுவல்'. ஆன்செல்ம் 'சின்ன வறுவல்'. பள்ளியில் சின்ன வறுவல், பட்டாளத்தில் சின்ன வறுவல், கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் நிற்கும்போது பின்வரிசையிலிருந்து "வறுவலுக்கு வாழ்த்துகள்!" முறை சுற்றி வந்தபோதெல்லாம் ஊர்த் திராட்சைக்காரர் சங்கம் க்ரிவோ வீட்டைத் தாண்டிக்கொண்டு போனது.

பல வருஷக் கெஞ்சலுக்குப் பிறகு போன ஜனவரியில்தான் சங்கம் மனசிறங்கியது. ஆன்செல்முக்கு வாழ்க்கையில் இனி ஒரே ஒரு ஆசை. வின்சென்டியாரை ஒரு கீறல் இல்லாமல் ஒரு வருஷம் வைத்திருந்து, பவனியில் கொண்டுபோய் அடுத்த வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். அன்றோடு அந்த வறுவல் ஒழிய வேண்டும்.

வசந்தமும் கோடையும் வின்சென்டியார் கூடத்து அலமாரிமேல் நின்றார். மரிவோனுக்கு அது பிடிக்கவில்லை. "நான் டிவியில நடனப் போட்டி பாக்குறப்ப என்னையே முறைக்கிறாரு. இந்த வருஷம் ஒரு ஆட்டத்தக்கூட நிம்மதியா பாக்கல," என்றாள்.

அக்டோபரில் அவள் அடுப்பு பற்றவைத்தாள். ஆன்செல்ம் ஒரே ஓட்டமாக ஓடிவந்து சொரூபத்தை வாரி அணைத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கிவிட்டார். அங்கே தச்சர் செய்து கொடுத்த இரண்டு மரப்பெட்டிகள் இருந்தன. ஜப்பானில் கோபே நகரத்து உணவகம் ஒன்று, பன்னிரண்டு பாட்டில் ஒயின் கொள்ளும் ராட்சத பாட்டில் ஒன்று கேட்டிருந்தது. க்ரிவோ தோட்டத்தின் மேல்சரிவு, ஷோமோத் என்று பெயர், 2017ஆம் வருஷத்து ஒயின். அதற்குத்தான் பெட்டி. ஒன்று உடைந்தால் இருக்கட்டும் என்று தச்சர் இரண்டாகச் செய்திருந்தார். ஒன்றில் பாட்டில் படுத்திருந்தது. மற்றதில் வின்சென்டியார் அளவெடுத்துச் செய்தாற்போலப் பொருந்தினார். இருட்டு, குளிர்ச்சி, வைக்கோல், படுக்கை. ஆன்செல்ம் மூடியைச் சாத்திவிட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அப்பா சூட்டில் செய்த தப்பை மகன் குளிர்ச்சியில் செய்ய மாட்டான் அல்லவா?

பிறகுதான் லாரி வந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் ரெஜீன் போத்தே கையில் அளவு நாடாவோடு வந்து நின்றாள். ரெஜீன் சங்கத் தலைவி. அடுத்த வருஷம் வின்சென்டியார் குடியேறப் போவது அவள் வீட்டில். அவளுடைய கொடிகள் ஷோமோத்துக்கு மறுபக்கம், ஒரு கல்சுவருக்கு அப்பால் இருக்கின்றன. அந்தச் சுவர் யாருடையது என்று நாற்பது வருஷமாக இரண்டு வீட்டாரும் வாய்ச்சண்டை போட்டு வருகிறார்கள்.

"தம்பி, சாமிக்குப் புது அங்கி தைக்கப்போறேன். நீலப் பட்டு. முக்காடு வச்சது. அளவெடுக்கணும், கொண்டா அவர."

ஆன்செல்ம் கீழே போனார். பெட்டியைத் திறந்தார். வைக்கோலில் ராட்சத பாட்டில் சிவப்பு மெழுகுத் தொப்பியோடு படுத்திருந்தது. பக்கத்தில் இன்னொரு பெட்டி இல்லை. இல்லாத பெட்டியை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படியேறி மேலே வந்தார்.

"தூங்குறாரு," என்றார்.

"யாரு?"

"வின்சென்டியாரு."

ரெஜீன் நாடாவைத் தாழ்த்தினாள். "குடிச்சிருக்கியா?"

"இல்லக்கா. வந்து... பூச்சி விழுந்திருக்கு. மரப்பூச்சி. மருந்து பூசிப் படுக்க வச்சிருக்கேன். திருநாள் வரைக்கும் யாரும் தொடக் கூடாது, பாக்கக் கூடாது."

"பாத்தாலும் பூச்சிக்கு ஆகாதா?"

"மருந்து டப்பாவுல அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப அளவு?"

அளவா? ஆன்செல்முக்குத் தெரிந்த அளவு ஒன்று இருந்தது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். உயரம், இடுப்புச் சுற்று, தோள், கழுத்து என்று ராட்சத பாட்டிலின் அளவை அப்படியே ஒப்பித்துவிட்டார். ரெஜீன் மனசில் குறித்துக்கொண்டு, "கழுத்து ரொம்பச் சின்னதா இருக்கே," என்றாள். வாசலில் திரும்பி நின்று, "உங்கப்பா வறுத்தாரு. நீ ஊறுகா போட்டுறாத," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆன்செல்ம் ஏற்றுமதி அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஒரு இளம்பெண் எடுத்தாள். பெட்டி கப்பலில் ஏறிவிட்டது, கப்பல் சூயசைத் தாண்டிவிட்டது, ஜனவரி நடுவில்தான் கோபே போய்ச் சேரும் என்றாள்.

"நடுவுல எங்கயாச்சும் இறக்கிவிட முடியாதாம்மா?"

"ஐயா, அது டவுன் பஸ் இல்ல."

மரிவோன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நேராப் போயி ரெஜீன்கிட்ட சொல்லிடு. திட்டுவா, அவ்வளவுதானே," என்றாள்.

"அவ்வளவுதானா? வறுவல் மகன் சாமிய ஜப்பானுக்கு வித்துட்டான்னு என் கல்லறைக் கல்லுல செதுக்குவாங்க மரிவோன். உன் பேரும் அதே கல்லுலதான் வரும்."

இது மரிவோனை யோசிக்க வைத்தது. அவளும் ஆன்செல்மோடு கீழே இறங்கிப் பாட்டிலைப் பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள். நல்ல தோள்கட்டு. கம்பீரமான நிலை.

"ரெஜீன் தைக்கிற அங்கி இதுக்குத்தான் கச்சிதமா இருக்கும்," என்றாள் மெதுவாக.

"தலை?"

"வீட்ல மாவு இருக்கு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறையில் புனிதரின் தலை தயாரானது. மாவும் உப்பும் பிசைந்து, பாட்டில் கழுத்தில் கவிழ்த்து வைக்க வசதியாக உள்ளே குடைந்து, அடுப்பில் காயவைத்து, வர்ணம் பூசினார்கள். தாடிக்கு ஒரு பழைய மெத்தைக்குள்ளிருந்து ஆட்டு ரோமம் கிடைத்தது. மூக்கு நுனியை மரிவோன் பொறுப்பாகக் கிள்ளி எறிந்தாள். கண்ணுக்குப் பின்னல் ஊசியால் இரண்டு ஓட்டை.

"எங்க சித்தப்பா மாதிரி இருக்காரு," என்றார் ஆன்செல்ம்.

"உங்க சித்தப்பாவ விட லட்சணமாத்தான் இருக்காரு. ஆமா, ஒயின வேற பாத்திரத்துக்கு மாத்திட்டுக் காலி பாட்டிலா வச்சா என்ன? தூக்குறவங்களுக்கும் சுலபம்."

ஆன்செல்ம் அவளைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வித்த ஒயின் அது! அவங்களுக்கு அனுப்ப வேண்டியது. இத்தன வருஷம் தூங்கிட்டிருக்கிறதத் திறக்கச் சொல்றியே, நீ மனுஷியா?"

பாட்டில் நிறைந்தபடியே புனிதரானது.

கிறிஸ்துமஸ் வாரங்களில் வின்சென்டியாரைப் பார்க்க வந்தவர்களை ஆன்செல்ம் எளிதாகச் சமாளித்தார். சாமிக்கு மருந்து போட்டிருக்கு, நீங்க உக்காருங்க, இது போன வருஷத்துப் பீப்பாய், இது அதுக்கு முந்தினது. மூன்றாவது கிளாசுக்குப் பிறகு யாரும் சாமியைக் கேட்கவில்லை.

திருநாளுக்கு முந்தின நாள்தான் தப்பு நடந்தது. சாமி கிளம்புகிற வீட்டில் அன்று மாலை ஊர் முழுக்கக் கூடி நிலவறையில் குடிப்பது வழக்கம். அத்தனை பேர் புழங்கும் இடத்தில் மாவுத்தலைப் புனிதரை எப்படி வைப்பது? நீல அங்கி, முக்காடு எல்லாம் போட்டு அவரை டிராக்டர் கொட்டகையில் நிறுத்தினார் ஆன்செல்ம். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் ஒரு நல்ல பாட்டிலை நிலவறைக்கு வெளியே விட்டார். அன்றிரவு கொட்டகையில் மைனஸ் ஒன்பது. பாட்டிலில் ஒயின் உறைந்து, வீங்கி, தக்கையையும் மெழுகையும் தள்ளிக்கொண்டு மேலே ஏறி, புனிதரின் காலித் தலைக்குள் புகுந்து, அங்கேயே பனிக்கூழாக உட்கார்ந்துகொண்டது. முக்காட்டுக்குள் நடந்த இந்தச் சமாச்சாரம் வெளியே தெரியவில்லை.

காலையில் பனிமூட்டம். பித்தளை வாத்தியக்காரர்கள் உதட்டைத் தேய்த்துக்கொண்டு ஊதினார்கள். சங்கத்தார் எல்லோரும் கழுத்தில் நாடா கட்டி, ஒயின் ருசிபார்க்கும் வெள்ளிக் கிண்ணத்தைப் பதக்கம்போல நெஞ்சில் தொங்கவிட்டிருந்தார்கள். சப்பரத்தில் பெரிய வெண்ணெய் ரொட்டிக்கும் காகிதப் பூக்களுக்கும் நடுவில் நீல முக்காட்டோடு வின்சென்டியார் நின்றார். சப்பரம் தூக்கிய நான்கு பேரில் முன்னால் இருந்தவன் ஃபூல்ஜான்ஸ். ஊரிலேயே கூர்மையான நாக்கு அவனுக்கு, பேச்சிலும் சரி, ருசியிலும் சரி.

"ஏய் க்ரிவோ! உன் வீட்ல சாப்பாடு பலமோ? ஆளு இப்படிக் கனக்குறாரு!"

"அங்கி கனம்டா," என்றார் ஆன்செல்ம்.

"பட்டா, இரும்பா?"

"வருஷம் பூரா வெண்ணெயும் சீசும்," என்று பின்னாலிருந்து மரிவோன் சொன்னாள். "நம்ம ஊர்ல யாரு இளைச்சிருக்கா?"

வழியெல்லாம் ஆன்செல்ம் சப்பரத்தை ஒட்டியே நடந்தார். சர்ச் வந்தது. படியேறினார்கள். விழாமல் ஏறினார்கள். ஆன்செல்முக்கு உள்ளே ஏதோ லேசானது. இன்னும் ஒரு பூசை. அதற்குப் பிறகு வறுவல் செத்தது. ரெஜீன் வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்வது என்பதை அவர் யோசிக்கவே இல்லை. அது ரெஜீன் பாடு.

சர்ச்சில் குளிர் என்பதால் தூணில் கேஸ் ஹீட்டர்கள் செக்கச் சிவக்க எரிந்தன. மரியாதைக்குரியவர் என்று வின்சென்டியாரை அதில் ஒன்றின் நேர்கீழே கொண்டுபோய் வைத்தார்கள்.

பங்குச்சாமியார் ஃபாதர் மாவுலி டோகோ நாட்டுக்காரர். மொர்வினிக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. பாட்டுப் படித்தார்கள், வாசகம் வாசித்தார்கள். ஃபாதர் ஒயினை மந்திரிக்கக் கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது. முக்காட்டுக்குள்ளே வின்சென்டியாரின் இடது கண்ணிலிருந்து ஒரு துளி இறங்கியது. பிறகு வலது கண்ணிலிருந்து. தாடி நனைந்து சொட்டத் தொடங்கியது.

"அழுகிறார்!" என்றார் ஃபாதர். முழங்காலில் விழுந்தார். "நம்ம புனிதர் அழுகிறார்!"

ஆன்செல்ம் தலையை நிமிர்த்தி ஹீட்டரைப் பார்த்தார்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் மொத்தச் சனமும் ஃபாதரோடு சேர்ந்து மண்டியிட்டிருக்கும். மொர்வினியில் ஒரு துளி ஃபூல்ஜான்ஸின் புறங்கையில் விழுந்தது. பழக்க தோஷம், அவன் நக்கிப் பார்த்தான். உதட்டைக் குவித்து, காற்றை உறிஞ்சி, கண்ணை மூடினான்.

"ஷார்டொனே திராட்சை," என்றான். "மேல்சரிவு."

அடுத்த நொடி சங்கம் முழுவதும் கழுத்துக் கிண்ணத்தைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றது. தாடிக்குக் கீழே கிண்ணம் பிடித்தார்கள், சுழற்றினார்கள், மோந்தார்கள்.

"உப்பு இருக்கு."

"கண்ணீர்ல உப்பு இல்லாம? அதத் தள்ளு. உப்புக்குப் பின்னாடி பாரு. வாதுமை இருக்கு."

"கல்லு இருக்கு. கல்லுமேல மழ பேஞ்ச வாசன."

"பீப்பாயில ஒரு வருஷத்துக்குக் கொறையாம இருந்திருக்கு."

"முட்டி போடுங்கப்பா," என்று ஃபாதர் கீழேயிருந்து கெஞ்சினார்.

"ஒரு நிமிஷம் ஃபாதர், நடுவுல விட்டா ருசி மறந்துடும்."

கடைசியாக ரெஜீன் வந்தாள். ருசித்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. திரும்பிச் சனத்தைப் பார்த்தாள்.

"இது எங்க ஒயின்," என்றாள். "சுவருக்கு இந்தப் பக்கத்து எங்க கொடி. 2018. வின்சென்டியாரு எங்க வீட்டுக்கு வரப்போற சந்தோஷத்துல எங்க ஒயினயே அழுகிறாரு!"

சர்ச் முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. "ஆமாமா, போத்தே வீட்டு ஒயின்தான்." "எனக்கு அப்பவே தோணுச்சு." யாரோ மணியடிக்க ஓடினார்கள். ஃபாதர் விம்மினார்.

ஆன்செல்ம் தப்பித்துவிட்டார். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். க்ரிவோ வீட்டில் ஒரு வருஷம் இருந்து அதிசயம் செய்த புனிதர் என்று பேராகிவிடும். அவருக்கு அது நன்றாகவே தெரிந்தது. மரிவோன் வேறு அவர் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருந்தாள்.

ஆனால் போத்தே ஒயினா? 2018ஆ? வெயிலில் வெந்து, சோம்பேறி மாதிரி நாக்கில் சாய்ந்து படுக்கிற 2018ஆ?

"2017!" என்று கத்தினார் ஆன்செல்ம். சர்ச் அதிர்ந்தது. "2017, ஷோமோத், வால்நட் மரத்துப் பக்கத்து வரிசை! ஏப்ரல் பனிக்கு வைக்கோல் கொளுத்திக் காப்பாத்துன கொடி! பாட்டில்ல நானே என் கையால ஊத்துனேன்!"

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அதே நேரம் வின்சென்டியாரின் தாடி கழன்று வெண்ணெய் ரொட்டியின்மேல் விழுந்தது. ரெஜீன் போய் முக்காட்டை விலக்கினாள். ஊறிப்போன தலையை ஒரு விரலால் தொட்டாள். அது அவள் கையோடு வந்துவிட்டது. அடியில் சிவப்பு மெழுகுத் தொப்பி, ஒரு பக்கம் சரிந்த தக்கை.

"நிஜமான ஆளு எங்கடா?" என்றாள் ரெஜீன்.

"கோபேல."

"கோபேன்னா எந்தத் தோட்டம்?"

"ஜப்பான் அக்கா."

ஃபாதர் மாவுலி இன்னும் முழங்காலில்தான் இருந்தார். "அப்ப இது அதிசயம் இல்லையா?"

ஃபூல்ஜான்ஸ் மறுபடி ஒரு கிண்ணம் பிடித்துக்கொண்டிருந்தான். "அந்த வருஷத்துப் பனியில இப்படி ஒரு ஒயின் வந்துச்சுன்னா அதிசயந்தான் ஃபாதர். எழுந்து வாங்க, நீங்களும் கொஞ்சம் பாருங்க."

தக்கை போன பாட்டிலை ஜப்பானுக்கு அனுப்ப முடியாது. திருநாள் விருந்தில் ஊரே அதைக் குடித்துத் தீர்த்தது. சாப்பாட்டு மேசையிலேயே சங்கம் கூடியது. க்ரிவோ வீட்டை முறையிலிருந்து என்றென்றைக்குமாக நீக்கிவிட வேண்டும் என்று ரெஜீன் எழுந்து ஆரம்பித்தாள்.

"தலைவி சொன்னா சரிதான்," என்றான் ஃபூல்ஜான்ஸ். "ஆனா தன் வீட்டு ஒயினே எதுன்னு தெரியாத தலைவி சொன்னா எப்படின்னுதான்..."

ரெஜீன் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் சீஸ் உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி எழுந்தாள். சாமி திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ளலாம், வரவில்லை என்றால் க்ரிவோ வீடு நீக்கம் என்று தீர்ப்பானது. பவனியில் வந்தது எதுவோ அதுதான் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது சங்கத்து விதி. விதி விதிதான். ரெஜீன் நீல அங்கி போட்ட காலி பாட்டிலைக் கொண்டுபோய்த் தன் வீட்டு அலமாரியில் வைத்தாள். அக்கம்பக்கத்தார் வழக்கம்போல வந்து பாட்டிலைப் பார்த்துவிட்டு ஒரு கிளாஸ் குடித்துப் போனார்கள். வேண்டுமென்றே அடிக்கடி வந்தார்கள்.

ஆன்செல்ம் மறுவாரமே இன்னொரு ராட்சத பாட்டிலை நிரப்பிக் கோபேக்கு அனுப்பினார். இந்தத் தடவை பெட்டியைத் திறந்து, லாரிக்காரரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். ஏற்றுமதி அலுவலகத்துப் பெண் நடந்ததையெல்லாம் விளக்கி, இந்த ஊர் வழக்கத்தையும் சொல்லி, சொரூபத்தைத் திருப்பி அனுப்பும்படி கோபேக்கு எழுதினாள். பிப்ரவரியில் ஒரே ஒரு வரி வந்தது. 'கிடைத்தது. மிக்க நன்றி. வாடிக்கையாளர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.' எது கிடைத்தது, யாரைப் பிடித்திருக்கிறது என்று ஒன்றும் இல்லை. அவள் மறுபடி மறுபடி எழுதினாள். அதற்குப் பிறகு அங்கிருந்து மூச்சே இல்லை.

கொடி தளிர்த்தது, பூத்தது, காய்த்தது. ஊர் ஆன்செல்மை இப்போது 'ஏற்றுமதி' என்று கூப்பிட்டது. வறுவல் போய்விட்டதே என்று சந்தோஷப்படலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலங்களில் நிலவறைக்குப் போய் அந்தப் பெட்டி இருந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார். மரிவோன் டிவியைச் சத்தமாக வைப்பாள். ஆனால் முறைக்க ஆள் இல்லாமல் நடனப் போட்டியில் அவளுக்கும் சுவாரசியம் இல்லை.

செப்டம்பரில் அறுவடை முடிந்தது. கடைசிக் குலை உள்ளே வந்த அன்று முற்றத்தில் நீள மேசை போட்டுப் பெரிய விருந்து. ரெஜீனும் ஃபூல்ஜான்ஸும் வந்திருந்தார்கள். ஃபாதர் மாவுலி இப்போது கிண்ணத்தைச் சுழற்றி, "2019?" என்று கேட்கும் அளவுக்குத் தேறியிருந்தார். மாட்டிறைச்சிக் குழம்பு பரிமாறும்போது மரிவோனின் போன் முனகியது. எடுத்துப் பார்த்தாள். படித்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு மேசையில் கவிழ்ந்தாள்.

"என்ன? உடைஞ்சிருச்சா?" ஆன்செல்ம் எழுந்துவிட்டார். "சொல்லு மரிவோன், உடைஞ்சிருச்சா?"

அவளால் பேச முடியவில்லை. ரெஜீன் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

'மதிப்புக்குரிய க்ரிவோ குடும்பத்தாருக்கு, கோபே உணவகத்திலிருந்து குராமொச்சி எழுதிக்கொள்வது. பதில் எழுதத் தாமதித்ததற்கு மன்னிக்கவும். ஒரு வேலை முடியட்டும் என்று காத்திருந்தோம். நாங்கள் ஒயின் கேட்டோம், நீங்கள் ஒயினின் சாமியையே அனுப்பியிருந்தீர்கள். உயர்ந்த ரகம் தந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டோம். பிறகுதான் விவரம் தெரிந்தது. உங்கள் ஊரில் அவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வருஷம் தங்குவார் என்று அறிந்தோம். எங்கள் வீட்டிலும் ஒரு வருஷம் முடியட்டும். ஜனவரியில் நானே அவரை மடியில் வைத்துக் கூட்டிவருகிறேன். நீங்கள் அனுப்பிய பாட்டிலும் வந்தது. முதல் கிளாசை அவருக்குத்தான் வைத்தோம். ஒரு விஷயம். பயணத்தில் அவர் மூக்கு உடைந்துபோயிருந்தது. எங்கள் கவனக்குறைவாக இருக்குமோ என்று மிகவும் வருந்தி, நல்ல ஆசாரி ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்துவிட்டோம். பழைய மூக்கு எப்படி இருந்தது என்று தெரியாததால், உங்கள் விளம்பரத் தாளில் இருந்த படத்தைப் பார்த்துச் செய்தோம். இடதுபக்கம் திரும்பும் இடம் மட்டும் கொஞ்சம் கடினமாக இருந்ததாக ஆசாரி சொன்னார்.'